பாறை ஊரின் தண்ணீர்

பெருமாள்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் வாங்கி விற்கும் இப்ராம்சாவுக்கு ஊர் வைத்த பேர் ‘தண்ணி குடிச்ச இப்ராம்சா’. தண்ணீர் குடிக்காத மனிதன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? ஆனால் அவர் குடித்த தண்ணீர் அப்படிப்பட்டது. கேட்டுக் கேட்டு அவருக்குக் கோபம்கூட அலுத்துவிட்டது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஜெர்மன் சண்டையின்போது சர்க்கார் கோவேறு கழுதை ஓட்ட ஆள் எடுத்தது. மலைப்பாதையில் பொதிக்குதிரை ஓட்டிப் பழகிய இப்ராம்சாவும் அவர் கூட்டாளி முகைதீனும் பேர் கொடுத்துக் கப்பல் ஏறினார்கள். அரபு நாட்டுப் பாலைவனத்தில் ஒருநாள் படையை விட்டு வழி தவறி, இருவரும் ஒரு பாறை இடுக்குக்குள் போய்விட்டார்கள். இடுக்கு முடிந்த இடத்தில், மலையையே குடைந்து செய்த ஊர் ஒன்று நின்றது. தூண், வாசல், மாடம் எல்லாம் ஒரே கல். மனித வாடையே இல்லை.

பார்த்த மாத்திரத்தில் முகைதீன் நடுங்கிவிட்டார். மலையைக் குடைந்து வீடு செய்து, அந்த ஆணவத்தில் சாலிஹ் நபியின் ஒட்டகத்தைக் கொன்று, ஆண்டவன் கோபத்தில் அழிந்துபோன ஸமூது கூட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருவரும். அந்த ஊர்த் தண்ணீரைத் தொடாதே, நிற்காமல் கடந்து போ என்பது பெரியவர்கள் சொல்லித்தந்த நபிமொழி. முகைதீனுக்கோ அனலாகக் காய்ச்சல். கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்திருந்தது. பக்கத்திலேயே பாறைத் தொட்டியில் தெளிந்த தண்ணீர் கிடந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் குடிக்கலாம் என்று இப்ராம்சா மன்றாடினார், தானே குடித்தும் காட்டினார். முகைதீன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் வெயில் ஏறும் முன்னே அவர் உயிர் போய்விட்டது.

ஊர் திரும்பி நடந்ததை நடந்தபடி சொன்னதுதான் இப்ராம்சா செய்த முட்டாள்தனம். முகைதீனின் மனைவி ரஹ்மத்துன்னிசா, நபி சொல் காத்து மௌத்தானவர் என் மாப்பிள்ளை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆப்பம் சுட்டு விற்று மகன் தஸ்தகீரை ஆளாக்கினாள். இப்போது லாரி ஓட்டும் அந்தத் தஸ்தகீர், இப்ராம்சாவின் மகள் ஷம்ஷாத்தைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஷம்ஷாத்தும் வேறு பேச்சுக்குக் காது கொடுப்பதில்லை. ஸமூது தண்ணீர் குடித்தவன் ரத்தம் என் வீட்டுக்குள் வராது என்று ரஹ்மத்துன்னிசா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கோடையில், கொடைக்கானல் மிஷன் பள்ளிக்குக் கிழங்கு இறக்கப் போன இடத்தில், வெள்ளைத் துணியில் விளக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்த இப்ராம்சா அங்கேயே நின்றுவிட்டார். அதே இடுக்கு, அதே தூண்கள். வெள்ளைக்காரப் பாதிரியார் பேசப் பேச உபதேசியார் தமிழில் சொன்னார். ஊரின் பேர் பெட்ரா. நபத்தேயர் என்ற வியாபாரிகள் குடைந்தது. சாம்பிராணியும் வாசனைச் சரக்கும் ஒட்டகத்தில் ஏற்றிப் போய் விற்றவர்கள். பெய்கிற கொஞ்ச மழையையும் வீணாக்காமல், பாறையில் வாய்க்கால் வெட்டித் தொட்டிகளில் சேர்த்துக் குடித்தவர்கள். பிறகு வியாபாரம் கடல் வழிக்குப் போயிற்று, பூகம்பம் வந்தது, ஊர் மெல்லக் காலியானது.

தயங்கித் தயங்கி ஸமூது ஊரைப் பற்றிக் கேட்டார் இப்ராம்சா. பாதிரியாருக்கு அதுவும் தெரிந்திருந்தது. அது தெற்கே பல நாள் பயணத் தொலைவில் இருக்கும் வேறு ஊராம், பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்குமாம்.

வீட்டில் இதைச் சொன்னதும் ஷம்ஷாத் சந்தோசத்தில் அழுதுவிட்டாள். வெள்ளனே போய்ச் சொல்லிட்டு வாங்க என்று அத்தாவை விரட்டினாள்.

ரஹ்மத்துன்னிசா கதவுக்குப் பின்னால் முக்காட்டோடு நின்றாள். படம் பார்த்த சேதி மட்டும் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது. இத்தனை வருசமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

“ஒங்களக் கண்டா எனக்கு ஆத்தாமையாத்தான் கெடக்கும் தம்பி. நீங்க குடிச்சதுக்கு இல்ல, உசுரோட வந்ததுக்கு. அவுகளும் ஒரு மடக்குக் குடிச்சிருந்தா வந்திருப்பாகளேன்னு தெனமும் இதே நெனப்பு. நபி சொல்லுக்காகத்தானே போனாகன்னு சொல்லிச் சொல்லி மனச அமத்திக்கிட்டுக் கெடக்கேன். அது அந்த ஸமூது ஊருதானே?”

இப்ராம்சாவுக்கு மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.

“அதே ஊருதான் மயினி,” என்றார். “பாதிரியாரும் அப்படித்தான் சொன்னாரு.”

கதவுக்குப் பின்னால் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. வேறு ஏதும் சோலியாக வந்தீர்களா என்று அவள் கேட்டாள். சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். உடம்பெல்லாம் மூட்டை சுமந்தவர் மாதிரி வலித்தது.

ஷம்ஷாத் வாசலிலேயே நின்றிருந்தாள். ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

“அவுக இனி நிம்மதியா இருப்பாக,” என்றாள். “நான், அத்தா?”

அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கவே வேண்டாம் என்று இப்ராம்சாவுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.