மோர்க்காரி மகன்

என் தம்பி மௌத்தான மறுவாரம் சிவனாண்டி வந்தான். யுத்த காலம் அது. தம்பி மனைவி ரொக்கையா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது, அன்னிய ஆணுக்கு முகம் காட்டக் கூடாது. எங்கள் கோரிப்பாளையத்து வீட்டின் கூடத்தை மறித்து என் அண்ணன் திரை கட்டியிருந்தார். சட்டம் பேச மட்டும் அவருக்கு அலுக்கவே அலுக்காது.

சிவனாண்டியின் அம்மா ஒச்சாயி கீழக்குயில்குடிக்காரி. எங்கள் தெருவில் மோர் விற்றவள். அவனைப் பெற்றுக் காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ரொக்கையாவோ தன் பிள்ளையைப் பறிகொடுத்து மார் கட்டிக் கிடந்தாள். அவள் பாலில்தான் பயல் பிழைத்தான். எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தான். அந்தப் பிள்ளைக்குத் திரை கிடையாது.

ஆனால் ஒச்சாயி ரொக்கையாவின் கையைப் பிடித்து அழுதாள். "தாயி, உங்க வீட்டுப் பாலுன்னு வெளிய தெரிஞ்சா இவனுக்கு ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான்." ரொக்கையா வாக்குக் கொடுத்தாள்; நாத்தனார் நான் மட்டும் சாட்சி. ஒச்சாயி சாகும்போது மகனிடம் பாலைப் பற்றிச் சொன்னாளே தவிர, வாக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

அண்ணன் திரைக்கு வெளியே நின்று கேட்டார்: "சிவனாண்டின்னு ஒருத்தன். பட்டாளத்துக்குப் போறானாம். பொண்ணு குடுக்கப் போற மாமனாரோட வந்திருக்கான். உனக்கு என்ன வேணும் அவன்?"

பால் மகன் என்று சொன்னால் போதும், திரை விலகிவிடும். ரொக்கையா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு வாசல்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"மோர்க்காரி மகன் மச்சான். தெரிஞ்ச பையன், அம்புட்டுத்தான். போகச் சொல்லுங்க."

செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

சாயங்காலம் மாமனார் உக்கிரபாண்டி மட்டும் திரும்பி வந்தார். கையில் ஒரு வெள்ளைச் சேலை.

"பயல மத்தியானமே ரயிலேத்திட்டேன். இது இந்த வீட்டு ஆத்தாவுக்கு அவன் வாங்குனது. பால் குடுத்தவ கால்ல விழாம பட்டாளத்துக்குப் போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான். எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லித்தான் பொண்ணு கேட்டான். நானும் பெருமையாத்தான் கூட்டியாந்தேன். அவுகளே இல்லேன்டாக. துக்க வீட்ல என்னத்தப் பேசுறது?"

ரொக்கையா திரையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசல்படியில் அவள் கால் தானாக நின்றுவிட்டது.

"சிவனாண்டி! நாந்தான்டா உன் ஆத்தா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ரயில் அதற்குள் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கும்.