தாகத்துக்குப் பின் மருந்து

கோழிக்கு மருந்து கொடுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு மணி நேரம் தண்ணீர்க் குழாயை அடைக்க வேண்டும். கோழிக்குத் தாகம் எடுக்கும். பிறகு மருந்து கலந்த தண்ணீரைத் திறந்துவிட்டால் ருசி பார்க்காமல் குடித்துவிடும். மருந்து கசப்பு என்றால் கொஞ்சம் வெல்லம் சேர்க்க வேண்டும்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அர்த்தநாரியின் பண்ணையில் எட்டாயிரம் கோழிகள் இருந்தன. வீட்டில் ஒரு தம்பி இருந்தான். கோழிகளுக்கும் தம்பிக்கும் ஒரே முறைதான்.

தம்பி கலையரசனுக்கு முப்பத்து நாலு வயது. ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், ஷெட்டில் கோழிகள் தன்னைப் பற்றிப் பேசுகின்றன என்று வந்து சொன்னான். அர்த்தநாரி சிரித்தான். கோழிகள் பேசியதைத் தம்பி திருப்பிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. அதன் பிறகு மூன்று நாள் கலையரசன் தூங்கவில்லை. கூண்டுகளுக்கு முன்னால் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு மனச்சிதைவு என்றார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்.

கலையரசன் பத்து நாள் சாப்பிட்டான். பிறகு தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். வீட்டில் சொன்னதோடு நிற்கவில்லை. டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் சொன்னான்.

அப்போதுதான் அர்த்தநாரிக்கு அந்த யோசனை வந்தது.

"சொல்லாமக் குடுக்கறது தப்பில்லீங்களா?" என்று அவன் மனைவி வெண்ணிலா கேட்டாள்.

"கோழிகிட்டச் சொல்லிட்டா குடுக்கறோம்?"

டாக்டரம்மாவும் கூடாது என்றுதான் சொன்னார். தம்பியிடமே பேசி, சம்மதத்தோடு கொடுங்கள் என்றார். அர்த்தநாரி தலையாட்டிவிட்டு வந்தான். பேசுவது அவனுக்கு வராது.

காலை எட்டு மணிக்கு வெண்ணிலா தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பாள். ஒன்பது மணிக்கு ஷெட்டிலிருந்து கலையரசன் வேர்த்து வழிந்து வருவான். குடம் இருக்காது. வெல்லம் போட்ட ராகிக் கூழ் ஒரு சொம்பு இருக்கும். மாத்திரைத் தூள் அதில் இருக்கும். நின்றபடியே குடிப்பான்.

"இந்த ஊட்டுல தண்ணிக்கு மட்டும் தீராத பஞ்சமுங் அண்ணி."

"மோட்டார் ரிப்பேர் தம்பி."

ஆறு வருடம் மோட்டார் ரிப்பேராக இருந்தது. கலையரசன் நன்றாக இருந்தான். பண்ணையில் அவனைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது. வெண்ணிலாவிடம் நின்று நாலு வார்த்தை பேசுவதும் வீட்டில் அவன் ஒருவன்தான். அர்த்தநாரி தீவன விலையைப் பற்றிப் பேசுவான். மாமியார் பெருமாயி முருகனிடம் பேசுவாள்.

இந்தச் சித்திரையில் வெண்ணிலா தங்கையின் பிரசவத்துக்காக ராசிபுரம் போனாள். பத்து நாள் தங்க வேண்டியதாயிற்று. மாத்திரையை அர்த்தநாரியின் பொறுப்பில் விட்டிருந்தாள். தினமும் போனில் கேட்டாள்.

"குடுத்தாச்சு," என்றான்.

அவள் திரும்பி வந்த அன்றே பெருமாயி வழிமறித்தாள்.

"வெயிலு கொளுத்துது. தண்ணிய ஒளிக்கற பாவம் நமக்கு வேண்டாங் கண்ணு. வேற வழி பாரு."

வெண்ணிலா வேறு வழி பார்த்தாள். ராகிக் களியை யாரும் மெல்வதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்குவார்கள். மாத்திரையும் சிறியது. பொடிக்கவே வேண்டாம். கலையரசன் களியை எப்போதும் வலது ஓரத்திலிருந்து கிள்ளுவான். மாத்திரையை வலது ஓரத்தில் வைத்தாள். தட்டு காலியாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

குடம் அதன் இடத்துக்கு வந்தது. மோட்டார் சரியாகிவிட்டது.

மூன்றாவது வாரம் கலையரசன் தூங்க ஆரம்பித்தான். முட்டை அட்டைகளின் மேல் தூங்கினான். தீவன மூட்டையில் சாய்ந்து தூங்கினான். பால்காரர் சின்னுசாமி தன் மகளின் கல்யாண விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கினான். தன் பேச்சு அவ்வளவு மோசமா என்று சின்னுசாமி வருத்தப்பட்டார். விழித்திருக்கும்போது கை நடுங்கியது. ஒரு நாள் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றாமல் தூங்கிவிட்டான். அன்றைய வெயிலில் எழுபது கோழிகள் செத்தன.

"முத்திப்போச்சு," என்றான் அர்த்தநாரி.

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு மனநலக் காப்பகம் இருப்பதாக லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை கொண்டுவந்து விடுவதாக அர்த்தநாரி போனில் பேசி முடித்துவிட்டான்.

"டாக்டரம்மாகிட்ட ஒருக்காக் காட்டலாமுங்க," என்றாள் வெண்ணிலா.

"மாத்திரை உள்ள போயே இப்படி இருக்கறான். அவங்க என்ன பண்ணுவாங்க?"

கலையரசனிடம் சொன்னார்கள்.

"நான் போகமாட்டேன்," என்றான். பிறகு தூங்கிவிட்டான்.

போனால் அவன் திரும்பி வரப்போவதில்லை என்று வெண்ணிலாவுக்குத் தெரிந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியைக்கூட அர்த்தநாரி இன்னும் போய் வாங்கி வரவில்லை. தான் ஏதோ தவறவிட்டிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை அவனுடைய துணிகளை எடுத்து வைத்தாள். நாலு சட்டை, நாலு லுங்கி. அலமாரியில் ஒரு சவரப் பெட்டி இருந்தது.

"அதைத் தொறக்காதீங் அண்ணி." கலையரசன் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான்.

திறந்துவிட்டாள். பிளேடுகளுக்கு அடியில் பாதி காலியான மாத்திரை அட்டை. பெயரைப் படித்தாள். சமையலறைக்குப் போய் மல்லித்தூள் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த அட்டையை எடுத்து வந்தாள். இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே பெயர். ஒரே அளவு.

"இது ஏது?" என்றாள்.

"அது ஏதுங்க?" என்றான்.

வெண்ணிலா தன் அட்டையில் ஒட்டியிருந்த மல்லித்தூளைத் துடைத்தாள்.

"நான் ஆறு வருசமா உங்களுக்குக் குடுத்துட்டிருக்கறேன் தம்பி."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"ஏனுங் அண்ணி, எட்டாயிரம் கோழிக்குத் தண்ணிய நிறுத்தறவன் நான். எனக்கு ஒருத்தர் நிறுத்தினாத் தெரியாதுங்களா?"

"அப்பறம் எதுக்குக் குடிச்சீங்க?"

"கேட்டுக் குடுத்திருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஒண்ணுமில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனில்ல. நீங்க கேக்கலை. குடிச்சுப்போட்டேன்." கட்டிலில் உட்கார்ந்தான். "மாத்திரைய உட்டா கோழி கோழியாட்டமே இருக்காதுங்க."

"சரி. இந்த அட்டை ஏது?"

"நீங்க ராசிபுரம் போனீங்க. மூணாம் நாள்லயிருந்து குடம் எடத்துலயே இருந்துச்சு. சரி, அண்ணன் மறந்துட்டாருன்னு நெனச்சேன். எட்டாம் நாளு நடு வரிசையில ஒரு கோழி எம்பேரைச் சொல்லுச்சு. மொதல்ல மரியாதையாத்தான் கூப்பிடுமுங்க. அப்பறந்தான் திட்டும். குப்பையில பழைய அட்டை கெடந்துச்சு. எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டேன். இப்பச் சாப்பிடறீங்களான்னு டாக்டர் கேட்டாரு. ஊட்டுல நிறுத்திட்டாங்கன்னேன்."

"நாந்தான் திரும்பி வந்துட்டேனே?"

"வந்தீங்க. குடம் எடத்துலயே இருந்துச்சு. அண்ணியும் சலிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

வெண்ணிலா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சலிக்கலை," என்றாள். "களியில வெச்சேன்."

"களியிலயா?" கலையரசன் யோசித்தான். "வலது ஓரமா?"

"ஆமா."

"நல்ல யோசனைங் அண்ணி."

அர்த்தநாரி சாப்பிட வந்தபோது இரண்டு அட்டைகளும் அவன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. வெண்ணிலா களி போடவில்லை.

"நான் ராசிபுரத்துல இருந்தப்ப பத்து நாளும் மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"எதுல?"

அர்த்தநாரி தட்டைப் பார்த்தான். "டீயில."

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளு. அப்பறம் முட்டை லோடு வந்துருச்சு."

உள்ளேயிருந்து பெருமாயி வந்தாள். "எட்டாயிரம் கோழிக்கு ஒரு வேளை மறந்திருக்கறயாடா? இருக்கறது ஒரு தம்பி. அவனை மறந்துட்ட."

"அவனாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"கோழி சொல்லுமாடா?" என்றாள் பெருமாயி.

அன்று மதியமே நாமக்கல் போனார்கள். டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். வெண்ணிலா முதலிலிருந்து சொன்னாள். பேச்சு களிக்கு வந்ததும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

நோய் முற்றவில்லை, மாத்திரைதான் இரண்டு மடங்கு போயிருக்கிறது என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இனி ஒரு மாத்திரை, ஒரு வேளை. சில நாளில் தூக்கம் குறையும். பிறகு கலையரசனைப் பார்த்தார்.

"உங்களுக்கே வேணும்னு தெரிஞ்சு, பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கீங்க. வீட்டுல சொல்றதுக்கு என்ன?"

"அண்ணன் சிரிப்பாருங்க."

"நான் எப்படா சிரிச்சேன்?" என்றான் அர்த்தநாரி.

"மொத நாளு. கோழி பேசுதுன்னு வந்து சொன்னப்ப."

அர்த்தநாரி சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"மாத்திரை யார் பொறுப்புல இருக்கும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என்ற பொறுப்புங்க," என்றான் கலையரசன். "அண்ணி வேணும்னா எண்ணிப் பாக்கட்டும்."

"தினமுமா?" என்றாள் வெண்ணிலா.

"ஞாயித்துக்கெழமை போதுமுங்க."

வெளியே வேப்பமரத்தடியில் டெம்போ நின்றது. அர்த்தநாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றான்.

"நாளைக்குக் காப்பகத்துல காத்திட்டிருப்பாங்க," என்றான்.

போக வேண்டாம் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று வெண்ணிலா நின்றாள்.

"போகோணுமாண்ணா?" என்றான் கலையரசன்.

அர்த்தநாரி போனை எடுத்தான். எண்ணைத் தேடி அழுத்தினான். மணி போகும் சத்தம் வெளியே கேட்டது. யாரோ ஹலோ என்றார்கள். அர்த்தநாரி வாயைத் திறந்தான், மூடினான், போனைத் தம்பியிடம் நீட்டினான்.

"வணக்கமுங்க," என்றான் கலையரசன். "எருமப்பட்டியிலிருந்து பேசறோமுங்க. நாளைக்குக் கலையரசன்னு ஒருத்தரைக் கூட்டியாரதாச் சொல்லியிருந்தோம். ஆமாங்க, பண்ணைக்காரரு தம்பி. அவரு வரலீங்க. வேலை இருக்குதுங்க. நானுங்களா? அவருதானுங்க பேசறது. அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க." மறுமுனை ஏதோ சொன்னது. கலையரசன் அண்ணனைப் பார்த்தான். "இல்லீங்க, எங்கண்ணனுக்கு இப்போதைக்கு வேண்டியதில்லை. வேணும்னா முன்கூட்டியே சொல்றோமுங்க."

வெண்ணிலா டெம்போவின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அர்த்தநாரி போனை வாங்கிப் பையில் போட்டான்.

"எனக்கெதுக்குடா காப்பகம்?"

"மறதி நெம்ப இருக்குதில்லண்ணா," என்றான் கலையரசன். ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்தான்.