நாற்பத்து மூன்று வீட்டுத் தண்ணீர்

நைஜர் நாட்டிலிருந்து துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு முனைவர் பட்டம் படிக்க வந்த ரமாத்துவின் மூன்றரை வருட உழைப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஐன் துவேலா ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறை ஏறுவதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, தேநீர். நாற்பத்து மூன்று வீடுகளில், வருடத்துக்கு இரண்டு முறை, குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தாயிற்று. பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு ஒரு வீட்டில்கூட அளவைத் தாண்டவில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது நாள் முழுக்க கரி அடுப்பில் கொதிக்கிற அந்தக் கடுந்தேநீர்தானே. வழிகாட்டி பேராசிரியை நஜ்லாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இதுவரை யாரும் சொல்லாத முடிவு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஜூலை பத்தாம் தேதி வாய்மொழித் தேர்வு. உதவித்தொகையும் அந்த மாதத்தோடு சரி.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரமாத்து அந்த ஊருக்குப் போனாள். முடிவை முதலில் அந்த ஜனங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எப்போதும் இரண்டு நாள் முன்னதாகப் போன் செய்துவிட்டுப் போகிறவள், அன்று லுவாஜ் என்கிற ஷேர் டாக்சியில் ஓர் இடம் இருந்ததென்று சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிட்டாள்.

அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்காரிகளில் ஒருத்தியான ஜாசியா முற்றத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேன். ஐம்பத்தைந்து வயது, வாய் கொள்ளாத சிரிப்பு, சிரித்தால் பல்லெல்லாம் பழுப்பு.

"பெரியம்மா, முடிவு வந்துடுச்சு. உங்க தண்ணியில ஒரு குறையும் இல்ல. டீயைத்தான் குறைக்கணும்."

"டீயா? நான் எங்கடி டீ குடிக்கிறேன்? ஒரு வாய் உள்ள போனாலே நெஞ்சு படபடங்குது. சின்ன வயசுலயே விட்டாச்சு. உங்க பெரியப்பாதான் கெட்டில் கெட்டிலா குடிக்கிறாரு. அவரு பல்லு எப்படி வெள்ளை வெளேர்னு இருக்கு? அந்த மனுஷன் பொறந்து வளந்தது இந்த ஊர்ல இல்ல, ஜெர்பா தீவுல. சரி, வெயில்ல வந்திருக்கே, இரு."

எழுந்துபோய் முற்றத்து மூலையிலிருந்த மழைநீர்த் தொட்டியின் பூட்டைத் திறந்தாள். வாளியை இறக்கி இறைத்து, ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். தனக்கு மட்டும் மஞ்சள் கேனிலிருந்து ஊற்றிக்கொண்டாள்.

"எனக்கும் அதுலயே ஊத்தியிருக்கலாமே பெரியம்மா?"

"இதுலயா? இது போர்க் குழாய்த் தண்ணி, ஒரே உப்பு. வீடு தேடி வந்தவளுக்கு இதைக் குடுப்பாங்களாக்கும்!"

ரமாத்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் பாட்டில்ல ஊத்திக் குடுத்தது?"

"மழைத்தண்ணிதான். வேற என்ன? பாட்டில் மேல 'ஜாசியா வீடு'ன்னு கொட்டை எழுத்துல எழுதுறே. அதைப் பட்டணத்துல பெரிய பெரிய டாக்டருங்க பாப்பாங்க. அந்த வீட்டுல வாயில வைக்க முடியாத தண்ணியைக் குடுத்தாங்கன்னு எனக்குப் பேர் வரணுமா?"

"மத்த வீட்டுல எல்லாம்?"

"எல்லாரும் அப்படித்தான். பாவம், பாதி வீட்டுல தொட்டி வத்திப்போயிருக்கும். நீ வர்றேன்னு போன் பண்ணதும் அவங்களுக்கு நான்தான் ஆளுக்கு ஒரு குடம் குடுத்தனுப்புவேன்." ஜாசியா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

ஆக, நாற்பத்து மூன்று வீட்டுத் தண்ணீர் என்று ரமாத்து பட்டணத்துக்குச் சுமந்ததில் பாதி ஒரே தொட்டித் தண்ணீர். ஊர் தினமும் குடிக்கிற குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆய்வகத்துக்குப் போகவில்லை. அவளுக்கு ஜாசியா மேல் கோபம் வரவில்லை. சொந்த ஊரான ஜின்டரில் அவள் அம்மாவும் இதையேதான் செய்வாள். வந்தவருக்குக் குளிர்ந்த பானைத் தண்ணீர், வீட்டாருக்கு டிரம்மில் வெயிலில் கிடந்து சூடேறிய தண்ணீர். தெரிந்தும், இங்கே கௌரவமாக முன்கட்டில் உட்கார்ந்து, நீட்டியதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு நாளாவது சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. படித்த முட்டாள் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஐந்து நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆய்வேடு ஆறு பிரதி அச்சாகி மேசையில் கிடந்தது. தேர்வாளர்கள் யாரும் ஜாசியாவின் முற்றத்துக்கு வரப்போவதில்லை. பேசாமல் இருந்தால் ஜூலையில் டாக்டர் ரமாத்து. ஆனால் அதே ஆய்வேட்டின் ஒரு பிரதி நீர்வாரியத்துக்கும் போகும். குடிநீரில் குறையில்லை என்று படித்த மாத்திரத்தில், சுத்திகரிப்பு நிலையம் கேட்டு அந்த ஊர் கொடுத்த மனுவை அவர்கள் மூடி வைத்துவிடுவார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஒரு பாட்டம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு நஜ்லாவைப் பார்க்கப் போனாள்.

நஜ்லா எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நாப்பத்து மூணு வீட்டுக்கும் தெரியும் மேடம். நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

நஜ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் வாடிப்போனது.

"மூணு வருஷத்துல நானும் ஒரு தடவையாவது அங்க வந்து பாத்திருக்கணும். சரி விடு. ஜூலை வேணாம், டிசம்பர்ல வச்சுக்கலாம். தேதியை மாத்தறது என் பொறுப்பு. உதவித்தொகைக்கு மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

உதவித்தொகை நின்றதும் அறையைக் காலி செய்து பெட்டியைத் தோழி வீட்டில் போட்டுவிட்டு, ரமாத்து மறுபடி ஐன் துவேலாவுக்கு வந்தாள். இந்தத் தடவை பாட்டில்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். விஷயத்தை விளக்கமாகச் சொல்லி, கேன் தண்ணீரைக் கொடுங்கள் என்று கேட்டாள். ஜாசியா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நேரே தொட்டிப் பக்கம் நடந்தாள்.

"பெரியம்மா!"

"புரியுதுடி. ஆனா கை வரமாட்டேங்குதே. விருந்தாளிக்கு எப்படிக் குடுப்பேன்?"

"நான் எப்பத்தான் விருந்தாளியா இல்லாம ஆவேன்?"

ஜாசியா நின்று யோசித்தாள். "விருந்தும் மருந்தும் மூணு நாள். தங்குவியா?"

தங்கினாள். மூன்று நாளும் ஆட்டுக்கறி குஸ்குஸ், மெத்தை, மழைத்தண்ணீர். ஒரு தட்டைக் கழுவக்கூட விடவில்லை. மாலைகளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து அவளை உபசரித்தார்கள். ரமாத்து சிறையில் இருப்பவளைப் போல் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் போர்வையை யாரோ உருவினார்கள்.

"விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்னடி தூக்கம்? கேன் காலியாக் கிடக்கு. குழாயில தண்ணி நின்னுடப்போகுது, ஓடு!"

ரமாத்து தலைத்துணியைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பொதுக் குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். அத்தனை பேரும் அவளுக்கு மழைத்தண்ணீர் நிரப்பிக் கொடுத்தவர்கள், முந்தின நாள் மாலைகூட அவள் முதுகுக்குத் தலையணை வைத்தவர்கள். பழக்கதோஷத்தில் அவள் நேரே முன்னால் போனாள். முதலில் நின்றவள் ரமாத்துவைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த ஜாசியா வீட்டுக் கேனைப் பார்த்தாள், கையால் அதைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஏய், நாங்கல்லாம் என்ன வேலை இல்லாமலா நிக்கிறோம்? வரிசையில வாடி!"

ரமாத்து சிரித்துக்கொண்டே கடைசியில் போய் நின்றாள்.