வேலி வழக்கின் சிவப்பு வரிகள்

ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதுதான் அந்த வகுப்பின் முதல் விதி. பாடம் நடத்த நோவி சாட் நகரிலிருந்து வந்திருந்த இல்திகோ, முதல் சனிக்கிழமையே அதைச் சொல்லிவிட்டாள். ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தால் இருவருக்குமே எதுவும் வராது என்றாள். அதனால் இருபத்திரண்டு வருடங்களில் முதல் தடவையாக வக்கீல் கவ்ரா பாவ்கோவ் ஒரு மூலையிலும், அவருடைய உதவியாளரான நான் எதிர்மூலையிலும் உட்கார்ந்தோம்.

சோம்போர் நகர வழக்கறிஞர் சங்கத்தின் மாடிக் கூடத்தில் வகுப்பு நடந்தது. பதினாறு கணினிகள், ஆறு சனிக்கிழமைகள். வக்கீல் அலுவலகங்களில் கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கான ஆரம்பப் பாடம் அது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போன்ற உதவியாளர்கள். வக்கீல்கள் நான்கே பேர். அவர்களில் வயதில் மூத்தவர் கவ்ரா. அறுபத்து நான்கு.

இரண்டாவது சனிக்கிழமை மின்னணுக் கையொப்பம் போடக் கற்றோம். ஒரு மனுவில் கையொப்பமிட்டுத் தனக்கு அனுப்பும்படி இல்திகோ சொன்னாள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெர்சிதா, நோட்டரி அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், அழகாகக் கையொப்பமிட்டாள். பிறகு அந்த மனுவைக் காகிதத்தில் அச்செடுத்தாள். கைப்பையிலிருந்து வட்ட முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, ஓங்கிக் குத்தினாள். அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்பினாள். வகுப்பில் பதினொரு பேர் அதையேதான் செய்திருந்தார்கள். அச்செடுத்த நிமிடமே கையொப்பம் செத்துவிட்டது, நீங்கள் அனுப்பியது அதன் புகைப்படம் மட்டும்தான் என்று இல்திகோ தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“முத்திரை இல்லாத காகிதத்தை எங்க நோட்டரி தொடவே மாட்டாரு பாப்பா,” என்றாள் பெர்சிதா. “மெனு கார்டுலயே முத்திரை எங்கேன்னு தேடுற ஆளு.”

கவ்ராதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். அந்தப் பதினொரு பேரில் அவரும் ஒருவர். வகுப்பில் அவர் சிரித்தது அன்றோடு சரி. அதன்பின் ஒரு மாதம் சிரிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் வேலை நடக்கும் முறையை நான் சொல்லியாக வேண்டும். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கவ்ரா ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பார். மனு, பதில், மேல்முறையீடு, எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லி முடிப்பார். கருவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். மதியம் அவர் திரும்பும்போது தட்டச்சு செய்த தாள்கள் காத்திருக்கும். படித்துப் பார்ப்பார். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று தனக்குள் முனகிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். முதல் வருடம் நான் ஒன்றிரண்டு சொற்களைத்தான் மாற்றினேன். அடுத்த வருடம் வாக்கியங்களை. அதற்கும் பிறகு, அவர் சொன்னவற்றில் தேதிகளையும் சட்டப் பிரிவுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நானே எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று நீதிபதிகளும் எதிர்த்தரப்பு வக்கீல்களும் நான் எழுதியதைப் படித்தார்கள். அந்த வாசகர் கூட்டம் எனக்குப் போதும். பத்து வருடங்களுக்கு முன், கால்வாய்க் கரையில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வேலிக்காகப் போட்ட சண்டையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் எங்கள் மனுவின் ஒரு வரியை அப்படியே எடுத்துத் தீர்ப்பில் போட்டது. கவ்ரா அந்த வரியைத் தன் குலப் புனிதர் நாள் விருந்தில் வருடா வருடம், இரண்டாவது கிளாஸ் ராக்கியா முடிந்ததும் எழுந்து நின்று சொல்வார். நான் மேஜையின் கடைக்கோடியில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். அந்தந்த வருடத்தில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருக்காது.

மூன்றாவது சனிக்கிழமை, யார் உதவியும் இல்லாமல் நாற்பது நிமிடத்தில் ஒரு பக்கப் பதில் மனு எழுதச் சொன்னாள் இல்திகோ. கவ்ரா ஐந்து வரி எழுதினார்.

வகுப்பு முடிந்து இருவரும் மரங்களுக்கு அடியில் நடந்தோம்.   மணிக்கூண்டுக்கு அருகில் அவர் நின்றார்.

“மூளை வத்திப்போச்சு ஸ்மில்யாம்மா. உட்காந்து பாத்தேன். ஒண்ணும் வரல. வந்த அஞ்சு வரியும் பள்ளிக்கூடப் பையன் எழுதினது மாதிரி இருக்கு. எங்கப்பா இந்த வயசுலதான் கரண்டியைக் காட்டி ‘அது, அது’ன்னு கேக்க ஆரம்பிச்சார்.”

ஜூன் கடைசியில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து அலுவலகத்தை மூடப்போவதாகவும் சொன்னார். குரலில் வருத்தம்கூட இல்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவரின் குரல் அது.

 அவர் மூளை வற்றவில்லை. அவருடைய வாக்கியங்கள் என்றைக்குமே அந்த ஐந்து வரிகளைப் போலத்தான் இருந்தன. நான் வாயைத் திறந்து அதைச் சொன்னால் அவர் பயம் போய்விடும். ஆனால் வருடா வருடம் எழுந்து நின்று சொல்லும் வரியும் கூடவே போய்விடும். சொல்லாவிட்டால் ஜூன் கடைசியில் அலுவலகம் போய்விடும். அதோடு நான் எழுதுவதும் நின்றுவிடும். மூன்று வாரம் அவருக்கு எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டே இதை யோசித்தேன். சொல்லவில்லை.

ஆறாவது வகுப்புக்கு ஒவ்வொரு அலுவலகமும் முடிந்துபோன ஒரு வழக்கின் ஒலிப்பதிவையும், அதிலிருந்து எழுதித் தாக்கல் செய்த மனுவையும், பெயர்களை நீக்கிவிட்டுக் கொண்டுவர வேண்டும் என்றாள் இல்திகோ. பேச்சை எழுத்தாக்கும் செயலியையும், இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் கருவியையும் காட்டப்போகிறாளாம். வேலி வழக்கை எடுத்துப்போகச் சொன்னார் கவ்ரா. அலுவலகத்தை மூடுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு தடவை கேட்கட்டும் என்றார்.

எங்களிடம் எல்லா ஒலிப்பதிவுகளும் இருந்தன. வழக்கு எண்ணும் தேதியும் போட்டு நான்தான் அடுக்கி வைத்திருந்தேன். பெயர்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டேன். பதிவில் பெயர் வரும் இடங்களை வெட்டினேன். கூடவே, வாய்தா கேட்கும் ஒரு இரண்டு நிமிடப் பதிவையும் அதே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அதில் நான் மாற்றியது எதுவும் கிடையாது. வேலி வழக்கின் கோப்பு திறக்கவில்லை என்று சொல்லி அதைக் கொடுத்துவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சனிக்கிழமை, இல்திகோ கையை நீட்டியபோது வேலியைத் திறக்கச் சொன்னேன். நான் நல்லவள் என்பதால் அப்படிச் செய்யவில்லை. அவர் பயம் தீர வேண்டும் என்று நினைத்தது உண்மை. ஆனால் நான் எழுதியது எவ்வளவு என்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அந்த நினைப்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

செயலி கவ்ராவின் பேச்சை எழுத்தாக்கியது. இல்திகோ அதையும் மனுவையும் ஒப்பிடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினாள். பேச்சில் இருந்தது கறுப்பு, பேச்சில் இல்லாதது சிவப்பு என்று விளக்கிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள்.

திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஏழு பக்கமும் சிவப்பு. தேதிகளும் சட்டப் பிரிவுகளும் ‘மாண்புமிகு நீதிமன்றம்’ என்ற சொற்களும் மட்டும் ஆங்காங்கே கறுப்பாகத் தெரிந்தன.

எல்லோரும் திரையையும் கவ்ராவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.  

பெர்சிதாதான் முதலில் வாய் திறந்தாள். “இந்த மெஷினுக்குக் காது டமாரம்டி. எங்க நோட்டரியை மாட்டிவிட்டா இதைவிட நல்லா கேப்பாரு.”

இல்திகோ உடனே அதைப் பிடித்துக்கொண்டாள். பழைய பதிவு, செயலி தவறு செய்வது சகஜம்தான் என்றாள். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். கவ்ராவும் தலையாட்டியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். தீர்ப்பில் வந்த அந்த வரியைக் காட்டச் சொன்னார். ‘வேலி எங்கே நிற்கிறது என்பதைவிட, அது நின்ற முப்பது வருடமும் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவர்களின் மௌனம்தான் எல்லையை வகுத்தது.’ ஒரு சொல் விடாமல் சிவப்பு.

“குரலைப் போடும்மா,” என்றார்.

பத்து வருடத்துக்கு முந்தைய கவ்ராவின் குரல் கூடத்தை நிறைத்தது. “வேலி அங்கதான் நிக்குது, முப்பது வருஷமா, யாரும் ஒண்ணும் சொல்லல, இப்ப என்ன திடீர்னு, இன்ன பிற. அடுத்த பத்தி. அவன் தாத்தா காலத்துலயும் அதேதான், இன்ன பிற.”

கவ்ரா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் மாடிப்படித் திருப்பத்தில் அவரைப் பிடித்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே முற்றத்தில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அது சாய்ந்து நிற்கும்வரை இருவரும் பார்த்தோம்.

“நான் எப்பவுமே இப்படித்தான் பேசினேனா?” என்றார்.

“எப்பவுமே.”

“இருபது வருஷத்துக்கு முன்னாடி?”

“அப்ப இன்னும் மோசம் சார்.”

“என் பொண்ணு கல்யாணத்துல பேசினது?”

“கமாவை மட்டும்தான் மாத்தினேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“கூடவே நாலு வாக்கியத்தையும்,” என்றேன்.

“இருபத்திரண்டு வருஷம் என்னை ஏமாத்தியிருக்கே.”

“கையெழுத்துப் போட்டா படிச்சுப் பாத்துட்டதா அர்த்தம். நீங்கதான் கோர்ட்டுல சொல்வீங்க.”

அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து ஒரு படி இறங்கினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அப்போ எதுவும் வத்தலடி. வத்துறதுக்கு அங்க எதுவும் இருந்ததே இல்ல.”

மூன்று வாரமாக இரவில் எழுந்து சமையலறைச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கரண்டி, சல்லடை, பூண்டு நசுக்கி. மனைவி ஒரு நாள் கதவருகில் நின்று கேட்டுவிட்டு, பாவமன்னிப்புக்குப் பாதிரியாரைக் கூட்டிவரட்டுமா என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அந்த வரி என்னுடையதாகப் போனதில் அவருக்கு வலித்திருக்கும். அதைப் பற்றி அவர் அன்று பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சிரித்து ஓய்ந்தபின் தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். உரிமத்தை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனை. இனிமேல் நான் எதை மாற்றினாலும் அவர் பார்க்கும்படி சிவப்பில் மாற்ற வேண்டும். அவருக்கும் எதிர்வாதம் செய்ய உரிமை உண்டு.

உள்ளே திரும்பியபோது இல்திகோ கடைசிப் பயிற்சியைக் கொடுத்திருந்தாள். மாடிவீட்டுக் குழாய் உடைந்து, கீழ்வீட்டுக் கூரையில் நாற்பது நாளாக நீர் சொட்டியதாக ஒரு கற்பனை வழக்கு. இந்த முறை ஒரே அலுவலகத்தவர்கள் ஒரே ஆவணத்தில் எழுதலாம், ஆனால் அவரவர் நாற்காலியிலிருந்துதான். கவ்ரா தன் மூலையிலிருந்து கணினியிடம் பேசினார், இன்ன பிறவோடு. அவருடைய சொற்கள் என் திரையில் வந்து விழுந்தன. நான் சிவப்பில் எழுதினேன்: ‘கூரையிலிருந்து சொட்டிய நீரைப் போலவே என் கட்சிக்காரரின் பொறுமையும் நாற்பது நாள் நீடித்தது.’ நல்ல வரி என்று எனக்குத் தோன்றியது.

“இது எதுக்கு?” என்று எதிர்மூலையிலிருந்து குரல் வந்தது. “பொறுமையை வச்சு நீதிபதி என்ன பண்ணுவார்?”

“படிப்பார் சார்.”

“படிச்சுட்டு கொட்டாவி விடுவார். அவன் மேல்வீட்டுக் கதவை முதல்ல எப்பத் தட்டினான்? அதைப் போடு.”

இல்திகோ கொடுத்த வழக்குக் காகிதத்தில் முதல் நாளே தட்டியதாகத்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை. என் வரியின் ஓசை கெட்டுவிடும் என்று வாதாடினேன். ஓசையைக் கச்சேரியில் கேட்டுக்கொள்ளச் சொன்னார். கொஞ்சம் மெதுவாகச் சண்டை போடும்படி இல்திகோ எங்களிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். பெர்சிதா தன் வேலையை நிறுத்திவிட்டு, கசகசா ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்த்தாள்.

“இப்படி எழுது,” என்றார் கவ்ரா. “முதல் நாளே கதவைத் தட்டினான். நாப்பதாம் நாள்தான் கதவு திறந்துச்சு. அவ்வளவுதான்.”

எழுதினேன். படித்துப் பார்த்தேன். என் வரியை அழித்தேன். ஒரு கமாவையாவது சேர்க்க இடம் இருக்கிறதா என்று வெகுநேரம் தேடினேன்.

இல்லை.

“அடுத்த பத்தி,” என்றேன்.