பத்து நிமிடம் வெளியே

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் சபைக் குழு என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பும். சபை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற வழக்கம். போதகர் வெளியே போனதும், அவர்மேல் யாருக்காவது குறை உண்டா என்று மூப்பர்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஒரே பதில்தான்: "ஒண்ணும் இல்லீங்க ஐயா." உள்ளே என்னைப் பற்றிப் பேசினார்களா, டீ குடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. பிஸ்கட் தட்டு மட்டும் காலியாக இருக்கும்.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் குறை இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். டிரைவர் அண்ணன் என்போம். எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற ஆள். "உங்க பிரசங்கத்துல வண்டி நல்லா கிளம்புது ஐயா, ஸ்டாப்தான் வரவே மாட்டேங்குது" என்று ஆராதனை முடிந்த கையோடு வாசலிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புழுங்கினேன். அவர் படுத்த படுக்கையான பிறகு வாரம் ஒருமுறை போய் ஜெபித்திருக்க வேண்டும். ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அவர் மகன் போன் செய்தார். எலக்ட்ரீஷியன், மூப்பர்களில் ஒருவர். நான் சோபாவில் சாய்ந்து டிவியில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் கையில்தான் இருந்தது. மூன்று முறை அடித்தது. மூன்று முறையும், அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் முடிந்து ஆறு மணிக்குக் கூப்பிட்டபோது, அப்பா போய் இருபது நிமிடம் ஆகிறது என்றார்.

"போன் சைலண்ட்ல கிடந்திருக்கு தம்பி, பாக்கவே இல்ல." பொய் தானாக வந்தது. அதுதான் கேவலம்.

"பரவால்லீங்க ஐயா" என்றார் அவர்.

அடக்கத்தன்று அந்தப் பொய்யை நம்பி ஆளாளுக்கு எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் மனைவி இருந்திருந்தால், நான் போனைக் கீழே வைத்த விதத்திலேயே கண்டுபிடித்து ஒரு பிடி பிடித்திருப்பாள். அவள் போய் நாலு வருடமாகிறது. ஐயா, ஐயா என்று கூப்பிட முந்நூறு பேர் இருக்கிறார்கள். திட்ட ஒரு ஆள் இல்லை. இந்தத் தனிமை எனக்கு இதற்குமுன் இவ்வளவு உறைத்ததில்லை. இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்ட மேசையில் ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்து, திட்டு வாங்க ஏங்கினேன் என்றால் யாராவது நம்புவார்களா?

உண்மையைச் சொன்னால் சபை என்னை அனுப்பிவிடலாம். சபை கொடுத்திருக்கும் இந்தக் குருமனை வீட்டைவிட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இதுவும் கடந்துவிடும்.

கதவு திறந்தது. உள்ளே போனேன். செயலாளர் டீச்சரம்மா குறிப்பேட்டை மூடப்போனார். "ஒண்ணும் இல்லீங்க ஐயா."

எலக்ட்ரீஷியன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சோபா, படம், மூன்று அழைப்பு, பொய்.

இன்னொரு மூப்பரான மருந்துக்கடைக்காரர் பதறிப்போனார். "விடுங்க ஐயா. அசதியில எல்லாருக்கும் வர்றதுதான்."

"அசதி இல்ல. அவர் மேல கோவம்."

பிறகு எலக்ட்ரீஷியன் தலை நிமிராமலே சொன்னார்: "எனக்குத் தெரியும்."

"எப்படித் தம்பி?" என்றேன்.

"போன் எடுக்கலன்னதும் கூட்டிட்டுப் போகலாம்னு பைக்க எடுத்துட்டு வந்தேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. டிவி பாத்துச் சிரிச்சுட்டிருந்தீங்க. கதவத் தட்ட மனசு வரல. திரும்பிட்டேன். ஐயா வந்தாச்சாடான்னு அப்பா கேட்டாரு. என்னன்னு சொல்றது? வந்தாருப்பா, நீங்க தூங்கிட்டிருந்தீங்க, தலையில கை வச்சு ஜெபிச்சுட்டுப் போனாருன்னு சொல்லிட்டேன்." நகத்தைக் கிள்ளினார். "எழுப்பியிருக்கலாமேடான்னாரு. அவ்வளவுதான். அப்புறம் பேசல. நான் அப்பாகிட்ட கடைசியா சொன்னது பொய்."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"எழுதுங்கம்மா" என்றேன் டீச்சரம்மாவிடம். "நான் சொன்னதை அப்படியே எழுதி ஞாயித்துக்கிழமை சபையில வாசிங்க. அதுக்கப்புறம் நான் இருக்கணுமா போகணுமான்னு அவங்க சொல்லட்டும்."

அவர் எழுதத் தொடங்கினார். எலக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ என் பொய்யையும் எழுதணுமே ஐயா?"

"எழுதணும்" என்றேன். "அதையும் என் பேர்லயே எழுதச் சொல்லுங்க."