சால்வைக்கு ஒரு கழுத்து

மார்ஷ்சைட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் "உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கியது. எதையோ பறிக்கப்போகிறார்கள் என்று அந்த வரியிலேயே கமலாம்பிகைக்கு விளங்கிவிட்டது. முப்பது வருட லண்டன் வாழ்க்கையில் இப்படித் தலைப்புப் போட்டு வந்த கடிதம் எதுவும் அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை. தெருமுனை நூலகத்தை மூடியபோதும் இதே மகிழ்ச்சியோடுதான் எழுதினார்கள்.

செய்தி இதுதான். பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியான ஹெரன்ஸ் "புதிய யுகத்தில்" காலடி வைக்கிறதாம். அதனால் ஆடுகளத்தை ஒட்டிய முதல் மூன்று வரிசைகளும் இனிமேல் கூட்டாளிகளுக்கு. கூட்டாளிகள் என்றால் விளம்பரப் பலகைக்குப் பணம் கட்டும் முதலாளிகள். வருடக்கணக்காக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் விசுவாசிகளுக்கு மேலே கே வரிசையில் "பாரம்பரியப் பகுதி" என்று தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். கடிதம் அவளை "அன்புள்ள கமலா" என்று விளித்தது. பெற்ற தாய்கூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பாரம்பரியமாம், மண்ணாங்கட்டி" என்று கணினியைப் பார்த்துச் சொன்னாள்.

ஏ வரிசை, ஏழாவது இருக்கை. பத்தொன்பது வருடமாக அது அவளுடையது. தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மழைநாளில் வால்தம்ஸ்டோ பஸ்ஸுக்காகக் காத்து நின்று அலுத்துப்போய், குளிருக்கு இந்த அரங்குக்குள் ஒதுங்கப் போனவள்தான். உள்ளே பத்துப் பெடியன்கள் பந்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நெட்போல் விளையாடியவள் என்பதால், ஹெரன்ஸ் எவ்வளவு மோசமான அணி என்பது ஐந்து நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கிழமையும் போனாள். பிறகு நிறுத்த முடியவில்லை. விளையாடுகிறவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை படிப்பை முடித்துக்கொண்டு போனார்கள், புதியவர்கள் வந்தார்கள், அவர்களும் தோற்றார்கள். கமலாம்பிகை போகவில்லை. புருஷன் செத்த மாதத்தில்கூட இரண்டு ஆட்டம் பார்த்தாள். சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். மென்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த இருக்கையில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் கிழமையில் அவளை அவளுக்கே பிடித்த நேரம்.

எட்டாவது இருக்கை றொமேஷுடையது. ஈஸ்ட் ஹாமில் மின்சார வேலை செய்பவன், அவளைவிடப் பத்து வயது இளையவன், தனியாள். பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி வருவான், ஒன்று அவளுக்கு. கதைப்பது குறைவு. கதைக்கிற வேலையை அவள் பார்த்துக்கொண்டாள்.

இடம் மாற விரும்பாதவர்கள் தங்கள் விசுவாசத்தை இருநூறு சொல்லில் எழுதி அனுப்பலாம் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வசதியும் இருந்தது. நல்லதாக எழுதுகிற ஐந்து பேருக்கு மூன்றாவது வரிசையில் இடம் "பரிசீலிக்கப்படும்". றொமேஷ் எழுதினான். எழுதியதைத் தொலைபேசியில் அவளுக்கு வாசித்தும் காட்டினான்.

"இதென்ன றொமேஷ், ஊர்க்கோயிலிலை மொட்டை போட்ட கதை சொல்லுற மாதிரி இருக்கு" என்றாள். "இருநூறு சொல்லிலை அழுது காட்டினால்தான் எங்களைத் தெரியுமோ அவைக்கு?"

"ஒருக்கா கேட்டுப் பாப்பமெண்டுதான், அக்கா."

"கேக்கிறவன்தான் கெட்டவன். நான் ஒரு சொல்லும் எழுதமாட்டன்."

றொமேஷுக்கும் இடம் கிடைக்கவில்லை. அந்த ஐந்து இடமும் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவுக்காரர்களின் பெற்றோருக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அவள் ஆச்சரியப்படவில்லை. இவர்களிடம் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இதற்கெல்லாம் பொறுப்பு ஸ்ரீனிவாஸ் என்ற ஒருத்தன். சென்னைக்காரன், முப்பத்தைந்து வயது, "ரசிகர் அனுபவம்" என்று அவன் வேலைக்கே ஒரு பெயர். கமலாம்பிகை நேரே அவனுடைய அறைக்குப் போனாள்.

"ஆன்ட்டி, உங்களை மாதிரி ஃபேன்ஸ்தான் எங்க முதுகெலும்பு" என்றான் அவன்.

"அப்ப ஏன் தம்பி முதுகெலும்பைக் கழட்டி மேலை வைக்கிறீர்?"

அவன் சிரித்தான். பல் எல்லாம் வரிசையாக, ஒழுங்காக இருந்தது. "அங்கேருந்து வ்யூ நல்லா இருக்கும் ஆன்ட்டி. நானே உட்கார்ந்து பார்த்தேன்."

பொய். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு, ஞாயிறு மூன்று மணிக்கு, கே வரிசையில் போய் உட்கார்ந்தபோது அது தெரிந்தது. கூரையிலிருந்து தொங்கிய தடித்த காற்றுக்குழாய் இடப்பக்கக் கூடையை முழுதாக மறைத்தது. பாதி ஆட்டத்தைக் குழாய்தான் பார்க்கும்.

கீழே முதல் மூன்று வரிசைக் கதிரைகளுக்கும் வெள்ளைத் துணி போர்த்தி, பின்னால் பொன்னிற ரிப்பன் கட்டியிருந்தார்கள். கலியாண மண்டபம் தோற்றுப்போகும். அத்தனையும் வாசுதேவன் என்பவருக்கு. கிழக்கு லண்டனில் ஏழு மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து முதலாளி, இந்தப் பருவத்தின் பெரிய கூட்டாளி. தன்னோடு அறுபது விருந்தினரை அழைத்திருந்தார். மூன்று மணியாயிற்று, அறுபது பேரில் ஒருவரும் இல்லை. மூன்று மணி என்று அழைப்பிதழில் போட்டால் எங்கள் ஆட்கள் மூன்று மணிக்குக் குளிக்கப் போவார்கள் என்பது சென்னைக்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல்முறையாக ஆட்டத்தை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகிறார்கள். கமராவுக்கு முன்னால் அறுபது வெள்ளைக் கதிரைகள் சும்மா இருந்தன.

ஸ்ரீனிவாஸ் படியேறி ஓடிவந்தான். முகம் வேர்த்திருந்தது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் கீழே வந்து உட்காருங்க, ப்ளீஸ். அவங்க வந்ததும் திரும்பி வந்துடலாம். கேமராவுக்கு காலியா தெரியுது."

விசுவாசிகள் எழுந்தார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. இருபது வருடமாக வரும் கிழட்டு வெள்ளைக்காரர்கள், பழைய மாணவர்கள், எல்லோரும் மேலங்கியைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்து இறங்கினார்கள். றொமேஷும் எழுந்தான், கையில் ரோல்ஸ் பையோடு.

"அக்கா, வாங்கோ. ஏழாம் நம்பர் சும்மாதான் கிடக்கு."

கமலாம்பிகைக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "நீர் என்ன, சீலைக்கடைக் கண்ணாடிக்குள்ளை நிக்கிற பொம்மையோ? துரைமார் வாறவரைக்கும் கதிரையைச் சூடாக்கி வைக்கப் போறீரோ? வெக்கம் ரோசம் ஒண்டும் இல்லையோ உமக்கு?"

சுற்றியிருந்த தமிழ் மாணவர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். றொமேஷ் பையைத் திறந்தான். அவளுடைய ரோல்ஸைக் கடதாசியோடு எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே போனான்.

கே வரிசையில் அவள் ஒருத்தி மிஞ்சினாள். ஹெரன்ஸ் அன்றைக்கு, அதிசயமாக, நன்றாக விளையாடியது. அவளுக்குச் சத்தம்தான் கேட்டது. பந்து குழாய்க்குப் பின்னால் போகும், கீழே எல்லோரும் துள்ளி எழும்புவார்கள், இவள் புள்ளிப் பலகையைப் பார்த்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வாள். இவ்வளவுக்கும் தான் செய்ததுதான் சரி என்று இருந்தாள். சரியாக இருப்பது குளிராக இருந்தது.

இரண்டாம் பகுதி முடிகிற நேரத்தில், மூன்று நாற்பதுக்கு, வாசுதேவன் வந்தார். பட்டுச்சேலைகள், கோட்டு சூட்டுகள், ஒரு புகைப்படக்காரன், தட்டில் மடித்துவைத்த பொன்னாடை. ஸ்ரீனிவாஸ் கையைக் காட்ட, விசுவாசிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா உட்காருமுன் கதிரையைக் கைக்குட்டையால் தட்டினாள். றொமேஷ் மேலே வந்து, கமலாம்பிகைக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருந்தது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளை விட்டதும் ஸ்ரீனிவாஸ் மறுபடி படியேறினான். இந்தமுறை நேரே அவளிடம்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன உதவி. துணைவேந்தருக்குப் பொன்னாடை போத்துறதா இருந்தது. அவர் மூணு மணிக்கே வந்து அரைமணி நேரம் காத்திருந்துட்டுக் கிளம்பிட்டாரு. இப்போ பொன்னாடை இருக்கு, போட்டோகிராஃபர் இருக்காரு. ஆள்தான் இல்லை."

கமலாம்பிகைக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. கொண்டுவந்த பொன்னாடையைப் போர்த்தாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற வழக்கம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. அது அபசகுனம், அதைவிட அவமானம். சால்வை கடையை விட்டு வெளிக்கிட்டால் அதற்கு ஒரு கழுத்து வேண்டும். யாருடையது என்பது இரண்டாம் பட்சம்.

"அதுக்கு என்ர கழுத்தோ?"

"பத்தொன்பது வருஷ ரசிகைன்னு சொன்னேன். வாசுதேவன் சாருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

அவளிடம் பதில் தயாராக இருந்தது. நல்ல காரமான பதில், இரண்டு மூன்று வாக்கியம். றொமேஷ் அதைக் கேட்கக் காத்திருப்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

"சால்வை போட்ட பிறகு நான் எங்கை இருக்கிறது?"

"நீங்க எங்க கேக்கிறீங்களோ அங்க."

"ஏ வரிசை, ஏழு."

"ஓகே ஆன்ட்டி."

எழுந்தாள். றொமேஷைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. அவன் காலை ஒதுக்கி வழிவிட்டான்.

களத்தின் நடுவில் வாசுதேவன் ஒலிவாங்கியைப் பிடித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். "இருபத்தைஞ்சு வருஷமாய் இந்த அணிக்குத் தூணாய் நிக்கிற எங்கட தமிழ்ப் பெண்மணி, திருமதி கமலாதேவி அவர்கள்!" பெயரும் பிழை, கணக்கும் பிழை. கமலாம்பிகை திருத்தவில்லை. கைகூப்பினாள். சால்வை வந்தபோது கழுத்துத் தானாகவே குனிந்தது. புகைப்படக்காரனுக்கு அது சரியாக விழவில்லை. "இன்னொருக்கா, அண்ணை" என்றான். வாசுதேவன் சால்வையைக் கழற்றி மறுபடி போர்த்தினார். அவள் மறுபடி குனிந்தாள். முதல்முறையைவிட அது சுலபமாக இருந்தது.

ஏழாவது இருக்கையில் யாருடையதோ கைப்பை இருந்தது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் பகுதி தொடங்கியது. சப்பாத்துகள் கீச்சிடும் சத்தம், பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவது, பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழும்போது வரும் அந்தச் சின்ன ஓசை, எல்லாம் திரும்பக் கிடைத்தன. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க அவளால் முடியவில்லை. அசல் சந்தோஷம்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். வாசுதேவன் மணிக்கூட்டைப் பார்த்தார். விருந்தினர்கள் எழுந்தார்கள். அவர் இவள் பக்கம் குனிந்தார்.

"அக்கா, நாங்கள் வெளிக்கிடுறம். சவுத்தாலிலை ஒரு பிள்ளையின்ர சாமத்தியச் சடங்கு, லேற்றாகுது. நீங்கள் ஆறுதலாய் இருந்து பாருங்கோ."

"ஓம் தம்பி, நல்லது" என்றாள். குரலில் பணிவு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மூன்று வரிசையும் மறுபடி காலி. ஸ்ரீனிவாஸ் மேலே பார்த்துக் கையசைத்தான். விசுவாசிகள் மறுபடி இறங்கி வந்தார்கள், முதல் தடவையைவிட வேகமாக. றொமேஷ் கடைசியாக வந்து படியடியில் நின்றான். கமலாம்பிகை எட்டாவது இருக்கையைக் கையால் தட்டினாள்.

"றொமேஷ், இஞ்சை வாரும். உம்மட இடம்தானே."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளில் கிடந்த சால்வையை, அதன் சரிகைக் கரையை, அவசரமில்லாமல் பார்த்தான். பதினான்கு வருடத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் கண்டதில்லை. அவளுக்கு அது புதிதல்ல, அவள் ஊர் முழுவதையும் இளக்காரமாகப் பார்க்கிற பார்வைதான். தன் பக்கம் திரும்பியதுதான் புதிது.

"இல்லையக்கா. நான் மேலை போய் இருக்கிறன்."

"அங்கையிருந்து ஒண்டும் தெரியாது, றொமேஷ்."

"தெரியாட்டிப் பரவாயில்லை."

அவன் படியேறினான். அவள் கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அரங்கம் முழுவதும் ஓவென்று கத்தியது. ஏ வரிசை எழுந்து நின்று கைதட்டியது. யார் போட்டது, எந்தக் கூடையில் போட்டது என்று கமலாம்பிகைக்குத் தெரியவில்லை.