செத்த கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்கள்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஓர் இணைய இதழ்க்காரர் என்னிடம் கேட்டது கட்டுரை. 'டி.எஸ்.எல்.ஆருக்குப் பதிலாகக் கைக்கு அடக்கமான மிரர்லெஸ் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' எண்ணூறு வார்த்தை. "படிக்கிறவங்களுக்குப் பயன்படணும். உங்க வழக்கமான கோபம் வேண்டாம்" என்று போனில் சொன்னார். கோபம் இல்லாமல் எழுதினால் என்ன வரும் என்று எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

முதல் தொடக்கம்: "ஒளிப்படத்தின் வரலாற்றில் கண்ணாடிக்கு முக்கியமான இடமுண்டு. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால்—"

(கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "கேமராவின் எடையைக் கிராமில் அளக்க முடியாது, அது—"

(கிராமில்தான் அளக்கிறார்கள். இந்த மாதிரி வாக்கியம் எழுதுகிறவர்கள் கேமராப் பையைச் சுமந்துகொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றதில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "மலர்க்கொடிக்கு வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும்."

அவ்வளவுதான். கட்டுரை செத்தது.

2

மலர்க்கொடிக்கு இருபத்தாறு வயது. பெரம்பலூரில் திருமுருகன் என்பவரின் ஸ்டுடியோவில் நான்கு வருடமாக வேலை. விசேஷ வீடுகளுக்குப் பெரிய கேமராப் பையைச் சுமந்துபோய் லைட் பிடித்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வந்திருந்தவர்கள் முகத்தையெல்லாம் வெள்ளையாக்குவாள். வெயிலில் முந்திரிக்கொட்டை பொறுக்கிய முகங்கள் அவள் கையில் சுண்ணாம்பு அடித்த சுவராகும். "தத்ரூபமா இருக்கும்மா" என்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவளும் என்னைப் போல வீட்டில் முதல் பட்டதாரி.

[தெரியாதவர்களுக்கு: எங்களுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்குத் தாலுகா ஆபீஸ் முத்திரையோடு சான்றிதழ் இருக்கிறது. அதைக் காட்டினால் கட்டணத்தில் சலுகை. சொத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவர்கள் உண்டு. இல்லாததற்குப் பத்திரம் வைத்திருப்பவர்கள் நாங்கள்.]

அவளுக்குச் சொந்தமாக ஒரு கேமரா வேண்டியிருந்தது. இங்கே, இதழ்க்காரரின் மனச்சாந்திக்காக, கட்டுரையில் வந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டி.எஸ்.எல்.ஆருக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. படம் எடுக்கும்போதெல்லாம் அது மேலே போய்க் கீழே விழும். நமக்குப் பழகிய 'டக்' சத்தத்தில் பாதி அதுதான். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. அதனால் உடம்பு சிறுத்துவிடுகிறது, எடை குறைகிறது. கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் படம் எப்படி விழப்போகிறதோ அப்படியே தெரியும். இருட்டான பூசை அறையில் குத்துமதிப்பாக எடுத்துவிட்டுச் சாமி கும்பிட வேண்டியதில்லை. சத்தமே இல்லாமலும் எடுக்கலாம். குறையும் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீரும், கையில் இன்னும் இரண்டு வேண்டும். லென்ஸைக் கழற்றினால் உள்ளே படம் விழுகிற தகட்டை மறைக்க ஒன்றும் கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற அரியலூர் ரோட்டில் நின்று லென்ஸ் மாற்றினால் பாதி ரோடு உள்ளே போய்விடும். ஆகவே நல்ல லென்ஸாக ஒன்றை மாட்டு, கழற்றாதே.

பஸ்ஸிலேயே விசேஷத்துக்குப் போய் வருகிற மலர்க்கொடிக்கு எல்லாக் காரணமும் சரியாக இருந்தது. திருச்சிக் கடையில் சின்னதைக் கையில் எடுத்தாள். கடைக்காரர் சொன்னார்: "நல்ல செலக்‌ஷன்மா. லேடீஸுக்கு இதுதான் வசதி. ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாம்."

உடனே அதைக் கீழே வைத்தாள். பெரியதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடந்தாள்.

[ஒரு வரைவில், அந்த ஆத்திரத்திலேயே அவள் பெரியதை வாங்கிவிட்டதாக எழுதினேன். கதைக்கு நன்றாக இருந்தது. ஆனால் ஒரு முட்டாள் சரியானதைச் சொல்லிவிட்டான் என்பதற்காகத் தப்பானதை வாங்குகிற ஆள் நான்தான். மலர்க்கொடி இல்லை.]

பதினோராம் நிமிடம் தோள் வலித்தது. சின்னதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

3

ஆண்டிமடத்தில் புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் முருகையன், முந்திரி வியாபாரி. மனைவி ரத்தினம்மாள். மலர்க்கொடி தன் பெயரில் பிடித்த முதல் ஆர்டர் இது. திருமுருகன் தடுக்கவில்லை.

"போய் எடுத்துட்டு வா. ஆல்பம் நல்லா வந்துச்சுன்னா ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கமெல்லாம் இனிமே நீயே தனியாப் பாத்துக்க. இல்லன்னா வாயை மூடிக்கிட்டு வந்து கம்ப்யூட்டர்ல ஒக்காரு."

இந்தக் கதையில் இருக்கிற ஆபத்து இவ்வளவுதான். கொலை இல்லை. ஒருத்தி இனிமேல் கேமரா பிடிப்பாளா, ஊர் முகத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருப்பாளா. போதாது என்று தோன்றினால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அடுத்த நிறுத்தம் தூரம்.

விடிகாலை விசேஷத்துக்குத் தனியாக அனுப்ப அவள் அம்மா இருசம்மாள் ஒப்பவில்லை. தன் அண்ணன் மகன் தமிழழகனைக் கூட அனுப்பினார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். ஆறடி, அதற்கேற்ற மீசை.

[மாமன் மகன் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. பொறுங்கள்.]

ரத்தினம்மாள் வாசலுக்கு வந்து தமிழழகனைப் பார்த்து, "வாங்க தம்பி, நேரா பூசை ரூமுக்குப் போயிடுங்க. பால் காய்ச்சப் போறோம்" என்றார்.

"நான் இல்லீங்க. போட்டோ புடிக்கிறது அது" என்று மலர்க்கொடியைக் காட்டினான்.

"அப்படியா? கேமரா எங்கம்மா?"

"இதாங்க."

"அது சரி. போட்டோ புடிக்கிற கேமரா எங்க?"

"இதுலதாங்க புடிப்பேன்."

முருகையன் எட்டிப் பார்த்தார். "என்னாது, சோப்பு டப்பா கணக்கா இருக்கு? இதுக்கு எங்க மச்சான் செல்லே பெருசா இருக்கும். ஆயுசுக்கும் ஒருக்கா கட்டுற வூடும்மா. வெளையாடுறீங்களா?"

மலர்க்கொடி பையிலிருந்து ஒரு பெரிய டி.எஸ்.எல்.ஆரை எடுத்தாள். முழங்கை நீள லென்ஸ். திருமுருகனின் ஸ்டுடியோ அலமாரியில் ஷட்டர் செத்து, படம் எடுக்க முடியாமல் இரண்டு வருடமாகக் கிடந்தது அது. அதைத் தமிழழகன் கழுத்தில் மாட்டினாள்.

ரத்தினம்மாள் முகத்தில் விளக்கு எரிந்தது. "அதானே! இதை மொதல்லயே வெளிய எடுக்குறதுக்கு என்னா?"

[செத்த கேமரா அவள் பைக்குள் எப்படி வந்தது? 'ரிப்பேருக்குக் கொடுக்கத் தற்செயலாக எடுத்து வந்திருந்தாள்' என்று முதலில் எழுதினேன். மலர்க்கொடி அதைப் படித்திருந்தால் சிரித்திருப்பாள். நான்கு வருடம் இந்த ஊர் வாசல்களில் லைட் பிடித்தவளுக்குத் தற்செயல் எதற்கு?]

4

"ஏ புள்ள, இதை வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத மாமா. கண்ணுல வச்சுக்கிட்டு நில்லு."

"ஸ்டார்ட்டே ஆவலையே."

"லாரியா அது? சும்மா நில்லு மாமா."

நின்றான். பந்தல் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. சேலைத் தலைப்புகள் சரியாயின. சட்டைப் பையிலிருந்து சீப்புகள் வெளியே வந்தன. ஒருவர் குடும்பத்தோடு அவன் முன்னால் வரிசை கட்டினார்.

"தம்பி, எங்களை ஒண்ணு எடுங்க."

"அண்ணே, நான் லாரி டிரைவருண்ணே."

"இந்தத் தமாசுதானே வேணாங்கறது. எடுங்க தம்பி."

எடுத்தான். குடும்பம் கலையாமல் நின்றது. "என்ன தம்பி, சத்தத்தையே காணும்?"

தமிழழகன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு 'டக்' போட்டான். அதற்கப்புறம் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அந்த 'டக்'கை வைத்துத்தான் மலர்க்கொடி தன் வேலையைச் செய்தாள். அவனுக்குப் பின்னால் போனால் அவன் முதுகு. முன்னால் போனால் "மறைக்காத பாப்பா". கிடைத்தது பக்கவாட்டு இடம்தான். அவன் 'டக்' போடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து நின்றார்கள். அவள் சத்தமில்லாமல் எடுத்தாள். பால் பொங்கியதை எடுத்தாள். மாடு உள்ளே வந்ததை எடுத்தாள். ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்து நகர்த்தி, "கொஞ்சம் ஓரமாப் போம்மா, நீ போட்டோவுல வுழுந்துடப்போற" என்று அக்கறையாகச் சொன்னார்.

ஒன்பது மணிக்குத் தமிழழகன் தேறிவிட்டான். "அக்கா, கொஞ்சம் நெருங்கி வாங்க. அண்ணே, வயித்தை உள்ள இழுங்க" என்று ஆரம்பித்துவிட்டான்.

5

நானூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றில்கூட ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை.

பொங்குகிற பாலுக்கு முன்னால் கை கூப்பி நிற்கிற முருகையன் எங்கோ வலது பக்கம் பார்க்கிறார். பக்கத்தில் ரத்தினம்மாளும் அங்கேதான். பங்காளிகள், சம்பந்திகள், மேஸ்திரி, எல்லாரும் படச் சட்டத்துக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்றை நம்பிக்கையோடு பார்த்துச் சிரிக்கிறார்கள். மாடு மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அதற்கு வாழைப்பழம் இருந்தது.

மலர்க்கொடி ஒரு முகத்தையும் வெள்ளையாக்கவில்லை. ஆல்பத்தைக் கொண்டுபோய்த் திருமுருகன் மேசையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "ஏம்மா, இத்தனை பேரு, ஒருத்தன் கேமராவைப் பாக்கலையே! முழுக்க கேண்டிட், சொல்லாம எடுத்த மாதிரி. நம்ம ஜனத்தை எப்படிம்மா இப்படி நிக்க வச்ச?"

ஆல்பத்தை மூடினார். "எந்திரி, அந்தப் பக்கம் இனிமே உன்னோடது" என்றார் அவர்.

ஆண்டிமடத்திலும் பிடித்துப்போனது. ரத்தினம்மாள் போனில் சொன்னது இது: "என்னமா இயற்கையா வந்திருக்கு! நாங்க கொஞ்சம் கருப்பாத்தான் இருக்கோம், பரவால்ல, வூடு நல்லா வெள்ளையா வுழுந்திருக்கு. ஆவணியில குரும்பலூர்ல எந்தங்கச்சி மவனுக்குக் கல்யாணம். அந்த மீசைக்காரத் தம்பியையே வரச் சொல்லு. என்னா கை அந்தத் தம்பிக்கு! அந்தப் புள்ளையும் கூட வரட்டும், லைட் புடிக்க."

6

முடிவுகள்.

அ) மலர்க்கொடியும் தமிழழகனும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். 'மலர்-அழகன் போட்டோகிராஃபி' என்று ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். ஃப்ளெக்ஸில் கேமரா அவன் கையில்— (கேமரா தேர்ந்தெடுக்கிற கதையை மாப்பிள்ளை தேர்ந்தெடுக்கிற கதையாக மாற்ற நான் மூன்று வருடம் பட்டப்படிப்புப் படிக்கவில்லை.)

ஆ) சின்னதை விற்றுவிட்டுப் பெரியதை வாங்குகிறாள். மரியாதை வருகிறது. தோள் இன்னும் ஒரு விரற்கடை இறங்குகிறது. (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

இ) குரும்பலூர்க் கல்யாண மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி, "எல்லாப் படமும் நான் எடுத்தது!" என்று— (இது என் ஆசை. மலர்க்கொடி மேடையேறினால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பாள்.)

7

முதல் பகுதியில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். இதழ்க்காரர் கட்டுரை கேட்டது உண்மை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. ஆல்பத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் தொடங்கியது.

அந்தப் படத்தில் நடுவில், கிளிப்பச்சைச் சேலையில், மோவாயைத் தூக்கி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது நான். ரத்தினம்மாள் எனக்குப் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. மலர்க்கொடி என்னோடு பெரம்பலூர்க் காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். "எதுடி வாங்கலாம்?" என்று அவள் கேட்டபோது, "சின்னதை வாங்கு, சைஸைப் பாத்து மதிக்கிறவன் மதிக்காமலே போகட்டும்" என்று வீரம் பேசியவளும் நான். ஆண்டிமடம் ஆர்டரை வாங்கிக் கொடுத்ததும் நான். வாசலில் நடந்தது முழுக்க என் கண் முன்னால் நடந்தது. அந்தக் கேமரா செத்தது என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் தமிழழகனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பெரியம்மா போன் செய்ததும் எனக்குத்தான். "அந்தத் தம்பியையே வரச் சொல்லு" என்றார். "பெரியம்மா, அத்தனையும் எடுத்தது மலர்க்கொடி" என்று சொல்ல ஐந்து நொடி போதும். நான் "சரி பெரியம்மா" என்றேன். அப்புறம் வந்து உட்கார்ந்து கோபமாகக் கதை எழுதினேன்.

அதே படத்தில் வலது ஓரமாகத் தமிழழகன் இருக்கிறான். செத்த கேமராவை இறக்கிப் பிடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, 'எடுத்துட்டியா?' என்று நேராக லென்ஸைப் பார்க்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு படத்தில் சரியான இடத்தைப் பார்த்தவன் அந்த லாரி டிரைவர் ஒருவன்தான். ஐந்தாம் பகுதியில் 'ஒன்றில்கூட ஒருவரும்' என்று எழுதியது இரண்டாவது பொய். அவனைச் சொன்னால் என்னையும் சொல்ல வேண்டியிருக்குமே.

இதுவரைக்கும் எழுதியதை, பெரியம்மா சொன்னது உட்பட, மலர்க்கொடிக்கு அனுப்பினேன். மன்னிப்பு கேட்கிற தைரியம் இல்லாதவர்கள் கதை அனுப்புவார்கள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"பேட்டரி பத்தி சரியா எழுதலடி. ரெண்டு பத்தாது, மூணு."

"மலரு, அந்தப் போன்ல நான்—"

"படிச்சேன். குரும்பலூருக்கு நான் போறேன். யாரைக் கூட்டிக்கிட்டுப் போறேன், எதை மாட்டிக்கிட்டுப் போறேங்கறதை நீ எழுதாத. நீ எழுதுனா அது உன் போட்டோவாயிடும்."

எழுதவில்லை. அத்தனையும் எடுத்தது மலர்க்கொடி என்று பெரியம்மாவுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். "அந்தப் புள்ளையா?" என்றார். அப்புறம், "அப்ப அந்தத் தம்பி என்னா பண்ணுச்சு?" என்றார். 'டக்' என்று நாக்கால் சத்தம் போட்டுக் காட்டினேன். பெரியம்மாவுக்குப் புரியவில்லை.

ஆவணியில் முகூர்த்தம். உங்களுக்கும் பத்திரிகை வைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் யாராவது கழுத்தில் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பக்கவாட்டில் எங்கேயோ, வலது தோள் கொஞ்சம் இறங்கிய ஒருத்தி சோப்பு டப்பா மாதிரி ஒன்றைக் கண்ணில் வைத்திருப்பாள். சத்தம் வராது. எடுத்துவிட்டாளா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்பது ஆல்பத்தில் இருக்கும்.